பெல்ட் போட்ட பெரியப்பா

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்தில் இன்று கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. அப்போதே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

காரணம் கேட்டால், எங்கள் பறக்கும் டாக்சிகள் போன வருடம் முழுக்க முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியே பறந்தனவாம். எண்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் கண்ணாடிதான் சொன்னான். அவனுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடியைப் பார்த்த பிறகு அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இயக்குநர் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கேக் துண்டு எடுத்துக் கொடுத்தார். இந்த மனிதர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பல் டாக்டரிடம் போனால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள், வலிக்கிறதா இல்லையா என்று?

"இந்த வருஷம் உங்க அறிக்கைதாம்மா நம்ம துருப்புச்சீட்டு" என்றார் என்னிடம்.

என் அறிக்கை என்றால் சுற்றுச்சூழல் அறிக்கை. எங்கள் பன்னிரண்டு வண்டிகளும் எவ்வளவு மின்சாரம் குடிக்கின்றன, பேட்டரிகள் எத்தனை காலம் தாங்குகின்றன, ஓர் ஆளை ஒரு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போக எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது, இதையெல்லாம் எழுதிக் கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். சாலையில் போகும் காரைவிடக் குறைவு என்று வந்தால், நகராட்சி இரண்டாவது தடத்துக்கு அனுமதி கொடுக்கும். இன்னும் முப்பது வண்டிகள் வரும். காரைவிட அதிகம் என்று வந்தால்? அந்தப் பேச்சே இங்கே யாரும் எடுப்பதில்லை.

கேக் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் சந்தேகமாக இருந்தது.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் கேக் கதையைச் சொன்னேன். கணவர் செய்தித்தாளை இறக்காமலே, "நல்ல சேதி வந்தா உனக்கு வயித்தக் கலக்குமே" என்றார். "போன வாரம் பக்கத்து வீட்டுக்காரங்க வணக்கம் சொன்னதுக்கே ரெண்டு நாள் யோசிச்ச."

யோசித்தேன்தான். ஆறு வருடமாகச் சொல்லாதவர்கள் திடீரென்று ஏன் சொல்ல வேண்டும்? அடுத்த நாளே ஏணி கேட்டு வந்தார்களே, அதை இவர் ஏன் சொல்வதில்லை?

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வந்திருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நான் தோண்டித் துருவிக் கேட்ட பிறகு சொன்னாள்.

அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, எங்கள் நிறுவனத்தில்தான் வேலை செய்கிறார். நகர நடுவில் அந்த உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில் வண்டிகள் இறங்கி ஏறும் தளம் இருக்கிறதே, அதற்கு அவர்தான் பொறுப்பாளர். வேலை இருப்பதாகத் தகவல் சொன்னது நான். அதனால் அவர் தும்மினால்கூட எனக்குச் செய்தி வந்துவிடும்.

"ரெண்டு மூணு மாசமா வரும்போதே முதுகப் பிடிச்சுக்கிட்டு வர்றார்க்கா. கேட்டா வேலைன்னு ஒரே வார்த்தை. சட்டைக் கை மடிப்புல மணல். பேண்ட் பாக்கெட்ல மணல். வாஷிங் மெஷின் அடியில ஒரு கை அள்ளலாம், அவ்வளவு படிஞ்சு கெடக்கு."

"மொட்டைமாடியில மணல் ஏது?"

"அதான் எனக்கும் புரியல."

அந்தத் தளத்தை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். தூசி பறந்தால் வண்டிகளின் விசிறிகளுக்கு ஆகாது என்று மூன்று வேளை துடைப்பார்கள். அங்கே மணலாவது, மண்ணாவது.

"மணல் கடற்கரையிலதாண்டி இருக்கும்" என்றேன்.

சும்மாதான் சொன்னேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் தண்ணீர் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். பிறகு பேச்சை மாற்றிவிட்டாள்.

மார்ச் 12, புதன்

மதியம் ஏதோ சாக்குப்போக்குச் சொல்லிக்கொண்டு தளத்துக்குப் போனேன். பயணிகள் காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன. பின்வரிசை நாற்காலிகளுக்கு இன்னும் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. தண்ணீர் கேனில் தண்ணீர் வாய் வரை இருக்கிறது. கழிப்பறையில் சோப்பு புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "கூட்டம் எப்படி?" என்றேன்.

"காலையில அள்ளும் மேடம். எல்லாம் விமான நிலையத்துலேர்ந்து இங்க வர்ற கூட்டம். சாயங்காலம் இங்கேர்ந்து அங்க."

"அப்ப காலையில இங்கேர்ந்து திரும்பிப் போற வண்டில யார் போவாங்க?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்த நிறுவனத்தில் சிரிப்பு ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

நானே வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். காலையில் எல்லோரும் ஒரு பக்கம் வருகிறார்கள், மாலையில் எல்லோரும் மறு பக்கம் போகிறார்கள். அப்படியானால் பறப்பதில் பாதி காலியாகத்தானே பறக்க வேண்டும்? முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியது எங்கிருந்து வந்தது? யார் காதில் பூச் சுற்றுகிறார்கள்?

மார்ச் 14, வெள்ளி

கண்ணாடியைப் பிடித்தேன். பயணிகளை எப்படி எண்ணுகிறாய் என்று கேட்டேன்.

டிக்கெட்டை வைத்து எண்ண முடியாதாம். பெரிய கம்பெனிகள் மாதக் கட்டணம் கட்டி வண்டியையே எடுத்துக்கொள்கின்றன. அவர்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால் இருக்கையில் இருக்கும் சென்சார்தான் எண்ணுகிறது. இருக்கையில் எடை இருந்து, பெல்ட்டும் மாட்டியிருந்தால் ஓர் ஆள். எடை மட்டும் இருந்து பெல்ட் இல்லாவிட்டால் பெட்டியோ பையோ என்று விட்டுவிடும்.

"ஏமாத்தவே முடியாது மேடம்" என்றான்.

ஏமாற்ற முடியாது என்று யாராவது தானாகச் சொன்னால் எனக்கு உடனே அவர்கள் கையைப் பார்க்கத் தோன்றும். பார்த்தேன். பேனாவைக் கடித்துக் கடித்து நுனியைச் சப்பையாக்கி வைத்திருக்கிறான். பயந்த பையன்தான். பயந்தவர்கள்தான் மேலிடம் சொல்வதைச் செய்வார்கள். இயக்குநர் சொல்லி இவன் எண்களை ஏற்றிவிடுகிறான். வேறென்ன?

மார்ச் 18, செவ்வாய்

தோற்றுப் போனேன்.

கண்ணாடிக்குத் தெரியாமல் வேறு வழியில் சரிபார்த்தேன். சென்சாரில் விளையாடலாம், மின்சாரத்தில் விளையாட முடியாது. ஆள் ஏறினால் எடை கூடும். எடை கூடினால் தூக்க அதிக மின்சாரம் வேண்டும். காலியாகப் பறந்த வண்டியை மின்சாரம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அப்படியே பொருந்துகிறது. எத்தனை பேர் என்று சென்சார் சொல்கிறதோ, அத்தனை பேரின் எடைக்கான மின்சாரம் செலவாகியிருக்கிறது. காலையில் திரும்பிப் போகும் வண்டியிலும் எடை ஏறியிருக்கிறது.

கண்ணாடி எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். "என்னைச் சந்தேகப்பட்டீங்களா மேடம்?" என்று கேட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டான். கண் சின்னதாக, சிவந்திருந்தது.

"சரிபார்க்கறது என் வேலைப்பா" என்றேன். சப்பைக்கட்டு.

மார்ச் 20, வியாழன்

பேட்டரிகளும் அதையேதான் சொல்கின்றன. எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே வலுவிழந்து, பறக்க லாயக்கில்லை என்று கழற்றப்பட்டுக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நிறைந்த எடையோடு ஓயாமல் தூக்கினால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொன்றையும் செய்ய எங்கோ ஒரு மலையைத் தோண்டியிருப்பார்கள். அந்தக் கணக்கும் என் அறிக்கையில் வர வேண்டும்.

ஆக, எடை உண்மை. ஆட்களைத்தான் காணோம். ஆள் இல்லாமல் ஆள் எடை எப்படி ஏறும்?

"பேய் ஏறுதோ என்னமோ" என்றார் கணவர்.

"பேய்க்கு எடை கிடையாது."

"அதையும் சரிபார்த்துட்டியா?"

மார்ச் 23, ஞாயிறு

தங்கை போனில் அழுதாள்.

மாப்பிள்ளையின் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே அவளுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டாரோ என்று. யார் அக்கா வளர்த்த தங்கை! நேற்று அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, "கடற்கரைக்கு யாரோட போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாராம். கத்தவில்லை. "யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"அக்கான்னு சொன்னேன்."

ஆனால் ஒன்று. குற்றம் இல்லாதவர் எதற்கு யார் சொன்னா என்று கேட்க வேண்டும்? இல்லை என்றல்லவா முதலில் சொல்ல வேண்டும்?

மார்ச் 25, செவ்வாய்

அலுவலக லிஃப்டில் மாப்பிள்ளை. நானும் அவரும் மட்டும். எனக்கு வணக்கம் சொல்லாமல் எண்கள் மாறுவதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே போகும்போது குனிந்து ஷூவைத் தட்டினார். லிஃப்டின் தரையில் கொஞ்சம் மணல்.

மார்ச் 27, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

காலையில் யாரிடமும் சொல்லாமல் தளத்துக்குப் போனேன். விமான நிலையத்திலிருந்து ஒரு வண்டி வந்து இறங்கி, நான்கு பேரை இறக்கிவிட்டது. அது திரும்பிப் போக வேண்டும். சத்தம் எவ்வளவு என்று அளக்க வேண்டும், நானும் வருகிறேன் என்று விமானியிடம் சொன்னேன். வாங்க என்றார். பின்கதவைத் திறந்தேன்.

பின் இருக்கை இரண்டிலும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஆட்கள் இல்லை. மணல் மூட்டைகள். தடித்த துணியில் தைத்து, பக்கவாட்டில் ஆரஞ்சு நிறக் கைப்பிடி வைத்து, தோளில் இருந்து இடுப்புக்கு அழகாகப் பெல்ட் போட்டு, இரண்டும் ஜன்னல் பார்த்து உட்கார்ந்திருந்தன.

"பெரியப்பாவுக்கு முன்னாடி சீட்ல உக்காந்துக்குங்க மேடம்" என்றார் விமானி.

"யாரு பெரியப்பா?"

"அதோ, அவங்கதான். நாங்க அப்படித்தான் சொல்றது. நல்ல கனம், வாயத் தொறக்க மாட்டாங்க, எங்க கூப்பிட்டாலும் வந்து கூடவே உக்காந்துக்குவாங்க. வண்டி காலியாப் போனா முன்பக்கம் கனத்துச் சாயும் மேடம். அதுக்குப் பின்னாடி எடை வைக்கணும். ஆள் ஏறும்போது இறக்கிடுவோம், ஆள் இறங்கினா ஏத்திடுவோம்."

பெல்ட் எதற்கு என்று கேட்க வாய் திறந்தேன். கேட்கவே தேவையில்லை. அவ்வளவு கனம் கட்டாமல் வைத்தால் வண்டி குலுங்கும்போது விமானியின் பிடரியில்தான் வந்து விழும்.

நான் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, விமானிக்கு முன்னால் இருந்த திரையைப் பார்த்தேன். பயணிகள்: 3.

நான் ஒருத்தி. இரண்டு பெரியப்பா.

எடை இருக்கிறது. பெல்ட் போட்டிருக்கிறது. சென்சாருக்கு வேறென்ன தெரியும் பாவம். மின்சாரமும் பொய் சொல்லவில்லை. தூக்கியதைத்தான் தூக்கினேன் என்று சொல்லியிருக்கிறது. வருடம் முழுக்க இந்த நகரத்தின் தலைக்கு மேல் மணலை ஏற்றி, இறக்கி, பேட்டரியைத் தேய்த்து, அதற்குச் சுற்றுச்சூழலுக்கு உகந்த பயணம் என்று விளம்பரமும் ஒட்டியிருக்கிறோம். கண்ணில் மண்ணைத் தூவுவது என்பார்கள். இவர்கள் அதை ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

இது இல்லை இன்று நடந்ததில் பெரிய விஷயம்.

என் இருக்கையில் இடிக்காமல் இருக்க, வெளியிலிருந்து ஒருவர் உள்ளே குனிந்து ஒரு மூட்டையை இழுத்துத் தள்ளிவைத்தார். வருடம் முழுக்க ஏற்றி இறக்கியதில் தையல் விட்ட ஓரத்திலிருந்து மணல் அவர் சட்டைக் கைக்குள் சொரிந்தது. நிமிரும்போது முதுகைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை. என்னைப் பார்த்தார். நான் அவருடைய சட்டைக் கையைப் பார்த்தேன்.

நான் பறக்கவில்லை. தலைசுற்றுகிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன். பொய்கூட இல்லை.

மார்ச் 28, வெள்ளி

பெரியப்பாக்களை இறக்கிவிட்டுக் கணக்குப் போட்டேன். ஓர் ஆளுக்கு ஆகும் கார்பன், காரைவிடக் குறைவு இல்லை. ஒற்றை ஆள் ஓட்டிப்போகும் பழைய காரைவிடவும் அதிகம். பேட்டரி சேர்த்தால் இன்னும் மோசம்.

தங்கைக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன். என்னடி சொல்வது? கடற்கரை இல்லை, தப்பாச் சொல்லிட்டேன் என்றா?

மார்ச் 31, திங்கள்

இயக்குநரிடம் சொன்னேன். மனிதர் ஒரு நொடிகூட அதிரவில்லை. சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"நகராட்சி என்ன கேக்குது? இருக்கையில எடை இருந்துச்சா, பெல்ட் போட்டிருந்துச்சா, அவ்வளவுதான். ரெண்டும் இருந்துச்சே."

"ஆள் இல்லையே சார்."

"ஆளுன்னா என்னம்மா, எடைதானே" என்றார். தத்துவம்! பிறகு தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தி, "தளத்துல உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே பொறுப்பு? மூட்டைக்கு யார் பெல்ட் போட்டதுன்னு நாளைக்கு ஒரு விசாரணை வந்தா மொதல்ல அவர் பேருதான் வரும். நல்ல மனுஷன். எனக்கே சங்கடமா இருக்கும்" என்றார்.

மிரட்டலையும் சிரித்துக்கொண்டே செய்யலாம் என்று இன்றுதான் பார்த்தேன். அறிக்கை கொடுக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ? இயக்குநர் சொல்லித்தான் பெல்ட் போடுகிறாரோ? அவரிடம் பேசினால் நேராக இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிடுவாரோ? என்மேல் கோபத்தில் இருக்கிறார், சொல்லத்தான் சொல்வார். ஒருவேளை இரண்டு பேரும் கூட்டோ?

கணவரிடம் இதையெல்லாம் அடுக்கினேன்.

"அவர்கிட்ட கேட்டியா?" என்றார்.

"கேட்டா மட்டும் உண்மையச் சொல்லிடப் போறாராக்கும்."

கணவர் செய்தித்தாளை மடித்து மேசைமேல் வைத்தார். எனக்குத் தெரிந்து பேச்சுக்கு நடுவே அவர் அதைக் கீழே வைப்பது இதுதான் முதல் தடவை. எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

கேட்டேன்.

தளத்துக்குக் கீழே பேட்டரி சார்ஜ் ஏற்றும் அறை. குளிர்விக்கும் விசிறிகள் போடும் சத்தத்தில் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மூட்டையையும் ஆளாக எண்ணுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா மாப்பிள்ளை என்று கேட்டேன்.

"தெரியும். மொத மாசமே இயக்குநர்கிட்ட சொன்னேன். சிரிச்சார். அப்புறம் உங்ககிட்ட சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேன்."

"வந்தீங்களா? எப்ப? எனக்கு ஞாபகமே இல்லையே."

"ஞாபகம் இருக்காது. மொத தடவை வந்தப்ப, என்ன, சம்பளம் ஏத்தச் சொல்லிக் கேக்க வந்தீங்களான்னீங்க. ரெண்டாவது தடவை உங்க ரூம் வாசல்லயே திரும்பிட்டேன்."

அவர் அதோடு விடவில்லை.

"என் முதுக என் பொண்டாட்டிகிட்ட கேட்டீங்க. என் சட்டைய அவகிட்ட கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாக்கா? ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை தூக்கறேன்னு கேட்டிருந்தா சொல்லிருப்பேன். கடற்கரையாம், கடற்கரை. எனக்கு மணலப் பாத்தாலே வாந்தி வருது."

கோபப்பட்டால் அவருக்கு உதடு நடுங்கும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது.

"நான் உண்மையை எழுதினா..." என்று ஆரம்பித்தேன்.

"எழுதினா வேலை போகும். எழுதலன்னா முதுகு போகும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அந்தக் கடற்கரைய மட்டும் நீங்களே போய் உங்க தங்கச்சிகிட்ட திரும்ப வாங்கிக்குங்க."

படியிறங்கி வரும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? எழுது என்கிறாரா, எழுதாதே என்கிறாரா, இதில் ஏதும் உள்நோக்கம் இருக்குமோ என்று! அந்த ஆள் உதடு நடுங்க நிற்கும்போதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. சீ. என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 6, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மணல், மூட்டை, பெல்ட், பெரியப்பா. சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"மணல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு, சரி. ஆனா அவர் மூஞ்சியப் பாத்து நான் கேட்டுட்டேனேக்கா. அத எப்படித் திருப்பி எடுக்கறது?"

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாதே, அறிக்கையில் உண்மையை எழுதினால் மாப்பிள்ளைக்கு என்ன ஆகலாம் என்பதையும் சொன்னேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நல்லா இருக்கு. சந்தேகப்பட்டு என் நிம்மதியக் கெடுத்த. இப்ப உண்மையச் சொல்லி என் சோத்துல மண்ணப் போடு."

சாப்பிடச் சொல்லவில்லை. வாசல் வரை வரவும் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

கையெழுத்துப் போடாமல் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டால் என்ன? வேறு யாராவது போடுவார்கள். கண்ணாடி போடுவான். பயந்துகொண்டே போடுவான். முப்பது வண்டிகள் வரும். அறுபது பெரியப்பாக்கள் வேண்டும். மாப்பிள்ளையின் முதுகு அதையும் தூக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். மணலோடு ஓர் எண், மணல் இல்லாமல் ஓர் எண், இரண்டையும் எழுதினேன். எது உண்மை என்றும் எழுதினேன். பெல்ட் போட்டது பாதுகாப்புக்காக என்றும், மூட்டையை ஆளாக எண்ணுவது இயக்குநருக்கு முதல் மாதமே சொல்லப்பட்டது என்றும் எழுதினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

இயக்குநர் இன்று சிரிக்கவில்லை. முகம் யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து தளத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டாவது தடம் கிடையாது. முப்பது வண்டிகளும் கிடையாது. காலியாகத் திரும்பும் பயணங்களை நிறுத்த வேண்டும். இருக்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் நிறுத்திவிட்டு, மீதியை நோயாளிகளையும் அவசரத்துக்கு வரும் மருத்துவர்களையும் ஏற்றிப்போக மட்டும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு நியாயமாகவே பட்டது.

மாலையில் மாப்பிள்ளையை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். "தவறான பதிவுக்குக் காரணமாக இருந்தவர்" என்று.

என்ன அநியாயம் இது! மூட்டைக்கு பெல்ட் போட்டது குத்தமா? போடாம விட்டிருந்தா ஒரு விமானி மண்டை உடைஞ்சிருக்கும், அப்பவும் இவரத்தானே புடிச்சிருப்பாங்க? மொத மாசமே சொன்ன மனுஷன் வீட்டுக்கு. கேட்டுச் சிரிச்ச மனுஷன் வேற கம்பெனிக்கு, இதவிடப் பெரிய நாற்காலிக்கு. என்னை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்காங்க? என் பேர வச்சு நல்ல பேர் எடுக்கத்தானே?

நகராட்சிக்கு அவர் தரப்பை எழுதி அனுப்பியிருக்கிறேன். நடக்கும் என்று நம்பிக்கை இல்லை.

மே 5, திங்கள்

தங்கை போனை எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

மே 19, திங்கள்

கண்ணாடி இப்போது எண்களை எனக்கு அனுப்புவதற்கு முன் தளத்துக்கே போய் நின்று ஆட்களைத் தலை எண்ணிவிட்டு வருகிறான். யாரும் சொல்லாமலே செய்கிறான். "உங்களுக்காக இல்ல மேடம், எனக்காக" என்றான். அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்று கண்ணாடியைத் துடைத்தான். உண்மையாகவே பரவாயில்லையா, மரியாதைக்குச் சொன்னானா, தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது! மின்சாரப் பேருந்துப் பணிமனையில். எங்களிடமிருந்து கழற்றி வைத்த பேட்டரிகளைத்தான் அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். பறக்கத்தான் அவற்றுக்கு வலு இல்லை. பகலில் கூரைமேல் வரும் சூரிய மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, மாலையில் பேருந்துகளுக்கு ஏற்றத் தாராளமாகப் போதும். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது இவர் போயிருக்கிறார்.

இதெல்லாம் கணவர் சொல்லித்தான் தெரியும். அவருக்கு இரண்டு வாரமாகத் தெரியுமாம்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா யார் மூலமா, எதுக்கு, என்ன சம்பளம்னு நீ ஒரு விசாரணைக் கமிஷன் வைப்ப. மனுஷன் நிம்மதியா ஒரு மாசச் சம்பளம் வாங்கட்டும்னு விட்டேன்."

கோபம் வந்தது. பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். "மத்தியானம் சாப்பிட வா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எதற்கு திடீரென்று? என்ன விஷயமாக இருக்கும்? யாராவது சொல்லிக் கூப்பிடுகிறாளோ? இப்படியெல்லாம் பேருந்தில் போகும் வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். தடித்த துணி, பக்கவாட்டில் ஆரஞ்சு நிறக் கைப்பிடி. பெரியப்பா. விட்டிருந்த தையலை யாரோ சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். தங்கையின் தையல். எனக்குத் தெரியும், அவள் முடிச்சை எப்போதும் வெளிப்பக்கம்தான் போடுவாள்.

"பாத்து வா, பெரியப்பா கால்ல இடிச்சுக்காத" என்றாள் உள்ளேயிருந்து.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். நான் மூட்டையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எங்கிருந்து வந்தது, கேட்டு வாங்கியதா, சும்மா தூக்கி வந்ததா, யாருக்காவது தெரியுமா என்று நான்கு கேள்வி என் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றது. அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. கேட்கட்டும் என்றே நின்றுகொண்டிருந்தார்.

"முதுகு இப்ப எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் இன்னொரு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டுவிட்டு, தானும் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் நடுவில் பேசாமல் கேட்டேன்.